தேதி மாறும் வேளையில் தொலைந்த 11 நிமிடங்கள்

பழைய குரோனோகிராஃப் (நிறுத்துக் கடிகாரமும் உள்ளடங்கிய) கைக்கடிகாரம் ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் ஒருவரிடமிருந்து வாங்கினேன். கை அசைவில் தானே சாவி ஏறும் வகை அது. 3 மணி இடத்தில் தேதிச் சாளரமும், 9 மணி இடத்தில் ஓயாமல் ஓடும் சிறு விநாடி முள்ளும், 12 மணி இடத்தில் 30 நிமிடக் கணக்கியும், 6 மணி இடத்தில் 12 மணிநேரக் கணக்கியும் உண்டு. சில நாட்களில் தேதி முழுவதும் மாறாமல், இரண்டு எண்களும் பாதி பாதியாகத் தெரியும்படி சாளரத்தில் நின்றுவிடும் என்பதுதான் விற்றவர் சொன்ன ஒரே குறை. இயந்திரத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குறை அதை வடிவமைத்தவர்களுடையது அன்று. எனக்கு முன்னால் அதைத் திறந்த ஏதோ ஒரு கையினுடையது என்பது பிறகு தெரியவந்தது.

தேதி மாறாத கடிகாரங்களை இதற்கு முன்பும் திறந்திருக்கிறேன். பெரும்பாலும் காய்ந்துபோன எண்ணெய், அல்லது தேதி வளையத்தின் அடியில் சிக்கிய தூசு என்று அது முடிந்துவிடும். அந்த நம்பிக்கையில்தான் இதையும் தொட்டேன். முட்களையும் டயலையும் கழற்றி, தேதிப் பகுதியை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து, வேண்டிய இடங்களில் மட்டும் துளி எண்ணெய் வைத்து, மறுபடி பூட்டினேன். பக்கவாட்டில் உள்ள சாவித் திருகை இழுத்து முட்களைச் சுற்றிப் பார்த்தபோது ஒவ்வொரு நள்ளிரவுக்கும் தேதி 'டக்' என்று மாறியது. 31 தேதிகளையும் இப்படிச் சுற்றிச் சரிபார்க்க நிமிட முள்ளை 744 முறை சுழற்ற வேண்டும். விரல் வலிக்க வலிக்க அதையும் செய்தேன். ஒரு தேதிகூடப் பிசகவில்லை. 744 சுற்றும் வீண் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கடிகாரம் 11 நிமிடம் பின்தங்கியிருந்தது. அதற்கடுத்த நாளும் ஏறக்குறைய அவ்வளவே. பகல் முழுவதும் ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் ஓடிய கடிகாரம் இரவில் மட்டும் நிமிடங்களை இழந்தது. டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு 4 விநாடி வேகம், இருபுறமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 285 பாகை. இந்த வயதுள்ள கடிகாரத்துக்கு இதைவிட நல்ல எண்களை எதிர்பார்க்க முடியாது. வீச்சு நன்றாக இருக்கும்போது 11 நிமிடம் எங்கே போகும் என்ற கேள்வியோடு ஒரு வாரம் கழிந்தது. ஒருநாள் காலை எழுந்து பார்த்தபோது மணி முள்ளும் நிமிட முள்ளும் இரவு 11.40ஐக் காட்டியபடி நின்றிருந்தன. சாளரத்தில் 22இன் கீழ்ப்பாதியும் 23இன் மேல்பாதியும் தெரிந்தன. ஆனால் சிறு விநாடி முள் எதுவுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சிறு விநாடி முள் சொன்ன செய்தியை உணர எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கடிகாரம் நிற்கவில்லை. சுருள்வில்லிலிருந்து பேலன்ஸ் சக்கரம் வரையிலான பற்சக்கரத் தொடர் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. மணியையும் நிமிடத்தையும் காட்டும் இரு முட்கள் மட்டும் அந்தத் தொடரோடு சேர்ந்து போகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் உராய்வுப் பிடி இருக்கிறது. சாவித் திருகை இழுத்து நேரத்தைத் திருத்தும்போது முட்கள் மட்டும் சுழல, உள்ளேயிருக்கும் சக்கரங்கள் சுழலாமல் இருக்க வேண்டும் அல்லவா? அதற்காகவே, நிமிட முள்ளைத் தாங்கும் கேனன் பினியன் என்ற சிறு குழாய், அச்சின்மீது இறுக்கமாக, ஆனால் வேண்டும்போது வழுக்கக்கூடிய அளவு இறுக்கமாக மட்டுமே பொருத்தப்பட்டிருக்கும். சாதாரண நேரத்தில் அது வழுக்காது, ஏனென்றால் முட்களைச் சுமப்பது ஒரு பாரமே இல்லை. தேதி மாற்றுவது மட்டுமே அந்தப் பிடியைச் சோதிக்கும் வேலை.

இங்கே தேதி எப்படி மாறுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேதி எண்கள் அச்சிட்ட வளையத்தின் உள்விளிம்பில் 31 பற்கள் இருக்கும். மணி முள்ளைத் தாங்கும் சக்கரம் 12 மணிநேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதனோடு இணைந்த தேதிச் சக்கரம் அதைப்போல் பாதி வேகத்தில், அதாவது 24 மணிநேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதன்மீது விரல் போன்ற ஒரு நீட்சி உண்டு. நள்ளிரவை நெருங்கும்போது அந்த விரல் வளையத்தின் ஒரு பல்லைத் தொட்டுத் தள்ளத் தொடங்கும். 360 பாகையை 31ஆல் வகுத்தால் வருவது ஏறக்குறைய 11.6 பாகை, வளையம் ஒவ்வோர் இரவும் நகர வேண்டிய தூரம் அவ்வளவுதான். ஆனால் அந்த 11.6 பாகையையும் விரலே தள்ளுவதில்லை. வளையத்தின் மறுபுறத்தில் ஜம்பர் என்ற சிறு நெம்புகோல், மெல்லிய வில் ஒன்றின் அழுத்தத்தில், தன் மூக்கை இரண்டு பற்களுக்கு நடுவே ஊன்றி வைத்திருக்கிறது. பகலில் வளையம் ஆடாமல் இருப்பதும், எண் சாளரத்தின் நடுவில் நிற்பதும் இந்த மூக்கினால்தான். விரல் தள்ளத் தள்ள, ஜம்பரின் மூக்கு பல்லின் சரிவில் ஏறுகிறது. உச்சியைத் தாண்டியதும், மறுசரிவில் இறங்கும்போது அதன் வில்லே வளையத்தை இழுத்து அடுத்த பள்ளத்தில் சேர்த்துவிடுகிறது. ஆகவே முதல் பாதி விரலின் உழைப்பு, மறுபாதி ஜம்பரின் உழைப்பு. இரண்டு எண்களும் பாதி பாதியாகத் தெரிந்தபடி தேதி நிற்கிறது என்றால், மூக்கு உச்சியை ஒட்டிய இடத்தில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நான் செய்த 744 சுற்றுகள் ஏன் வீண் என்பது இதிலிருந்தே விளங்கும். சாவித் திருகால் முட்களைச் சுற்றும்போது விசை கையிலிருந்து வருகிறது. அது உராய்வுப் பிடியைக் கடந்து வருவதில்லை. நிமிடச் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுகிற என் விரலுக்கு, ஜம்பரின் வில் எவ்வளவு முரடாக இருந்தாலும் ஒரு பொருட்டில்லை. கடிகாரம் தன் சொந்த வலிமையில் தேதியை மாற்றுகிறதா என்பதைக் கையால் சுற்றிக் கண்டறியவே முடியாது. கையால் சுற்றிப் பார்ப்பதால் தெரிவது இரண்டு மட்டுமே: பற்கள் ஒழுங்காகக் கோக்கின்றனவா, எண்கள் சாளரத்தின் நடுவில் வந்து நிற்கின்றனவா.

குரோனோகிராஃபாக இருந்ததால் எனக்கு ஒரு வசதி கிடைத்தது. பொத்தானை அழுத்தினால் ஓடும் நடு விநாடி முள்ளும் நிமிடக் கணக்கியும் பற்சக்கரத் தொடரிலிருந்து தம் ஓட்டத்தைப் பெறுகின்றன. உராய்வுப் பிடி அவற்றின் வழியில் இல்லை. ஆக, ஒரே டயலில் ஒரே காலத்தை அளக்கும் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன, ஒன்று பிடியைக் கடந்து வருவது, மற்றொன்று கடக்காமல் வருவது. அன்றிரவு கடிகாரத்தைக் கைப்பேசியின் நேரத்தோடு ஒப்பிட்டு வைத்து, சரியாக 11 மணிக்குக் குரோனோகிராஃபை ஓடவிட்டேன். கைப்பேசியில் 12 மணி ஆனபோது நிமிடக் கணக்கி இரண்டு முழுச் சுற்றுகளை முடித்துப் பூச்சியத்தில் நின்றது. நடு விநாடி முள்ளும் 60இல் இருந்தது. நிமிட முள் மட்டும் 49ஐக் காட்டியது. 60 நிமிடம் ஓடியதாகக் கடிகாரத்தின் ஒரு பாதியும், 49 நிமிடம் ஓடியதாக மறுபாதியும் சொல்லின. இதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை எந்தக் கருவியும் எனக்குத் தந்திருக்க முடியாது.

வீச்சு ஏன் குறையவில்லை என்ற புதிரும் இதனோடு அவிழ்ந்தது. நல்ல நிலையில் உள்ள கடிகாரத்தில், தேதி மாறும் வேளையில் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு சற்றுக் குறையும். சுருள்வில்லின் விசையில் ஒரு பங்கு வளையத்தைத் தள்ளப் போய்விடுகிறது. என் கடிகாரத்தை 11.30 மணிக்கு டைம்கிராஃபரில் வைத்துப் பார்த்தபோது வீச்சு சில பாகைகள்கூடக் குறையவில்லை. பிடி வழுக்கும்போது, அந்த வழுக்கலுக்கு வேண்டிய விசைக்கு மேல் ஒரு துளியும் தொடரிலிருந்து போகாது. குறையாத வீச்சைக் கண்டு நான் மகிழ்ந்தது தவறு. அந்த நேரத்தில் அது குறைந்திருக்க வேண்டும்.

பிடி வழுக்குகிறது என்று தெரிந்தவுடன் அதை இறுக்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் தோன்றியது. ஆனால் கணக்கு இடித்தது. மணிச் சக்கரம் நிமிட முள்ளைவிட 12 மடங்கு மெதுவாகச் சுற்றுகிறது. தேதிச் சக்கரம் அதிலும் பாதி வேகம். அதாவது நிமிட முள் 24 சுற்றுச் சுற்றினால்தான் தேதிச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் இப்படிக் குறைவதால், விரல் சந்திக்கும் எதிர்ப்பு கேனன் பினியனை வந்தடையும்போது ஏறத்தாழ 24இல் ஒரு பங்காகிவிடுகிறது. அந்தச் சிறு பங்கைக்கூடத் தாங்க முடியாத அளவுக்குப் பிடி தளர்ந்திருந்தால், நேரத்தைத் திருத்தும்போதே அது கையில் தெரிந்திருக்கும். சற்று இலேசாக இருந்தது உண்மைதான். ஆனால் அவ்வளவு தளர்வு இல்லை. எதிர்ப்புத்தான் அளவுக்கு மேல் இருக்கிறது என்று முடிவு செய்து, பிடியைத் தொடாமல் மறுபடி தேதிப் பகுதியைத் திறந்தேன்.

குரோனோகிராஃபின் முட்களைக் கழற்றுவது எனக்கு இன்றும் பிடிக்காத வேலை. சாதாரணக் கடிகாரத்தில் மூன்று முட்கள், இதில் ஆறு. குரோனோகிராஃபைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, மணியை 12இல் வைத்தால், நடுவில் உள்ள மூன்று முட்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். டயலைக் காக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளை அடியில் நுழைத்து, இருபுற நெம்புகளால் மூன்றையும் சேர்த்து எடுத்துவிடலாம். அந்த 12 மணி நண்பகலாக இருக்க வேண்டும். நள்ளிரவாக இருந்தால் விரல் பல்லோடு கோத்திருக்கும் நிலையில் வளையத்தைக் கழற்ற நேரிடும். நடு விநாடி முள்ளை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அதன் குழாயின் பிடிப்பு சிறிது குறைகிறது. பொத்தானை அழுத்தினால் முள்ளைப் பூச்சியத்துக்கு விசையோடு திருப்பி அடிக்கும் இயந்திரத்தில், இந்தப் பிடிப்புக் குறைவது நல்லதல்ல. முதல் முறை சரியாக ஆராயாமல் பூட்டியதற்கு நான் கொடுத்த விலை அது.

டயலை எடுத்த பிறகு தேதி வளையத்தை மூடியிருக்கும் தகடு தெரியும். அதன் திருகுகளைக் கழற்றுவதற்கு முன் இயந்திரம் முழுவதையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, கைகளையும் இடுக்கியையும் அதற்குள் நுழைத்து வேலை செய்வது என் வழக்கம். ஜம்பரின் வில் ஒரு மயிரிழையைவிடச் சற்றுத் தடித்தது. தகடு தூக்கியவுடன் துள்ளிப் போனால் தரையில் தேடிக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமில்லை. என் கடிகாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 12 மணிநேரக் கணக்கியும், அதைப் பூச்சியத்துக்குத் திருப்பும் சுத்தியலும் இதே பக்கத்தில், தேதி வளையத்துக்கு அடியில் இருக்கின்றன. தேதியைச் சரிசெய்யப் போய் மணிநேரக் கணக்கியின் வில்லைத் தட்டிவிட்டால் குரோனோகிராஃபும் கெடும்.

இரண்டும் இப்படி ஒரே குடியிருப்பில் நெருக்கியடித்து வாழ்வதற்கு ஒரு வரலாறு உண்டு. 1969ஆம் ஆண்டில் தானே சாவி ஏறும் குரோனோகிராஃப் இயந்திரங்கள் மூன்று வெளிவந்தன: ஸெனித் நிறுவனத்தின் எல் பிரிமெரோ; ஹாயர், பிரைட்லிங் முதலிய நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய காலிபர் 11; ஜப்பானின் சீக்கோ 6139. மூன்றிலும் தேதி இருந்தது. சீக்கோவில் கிழமையும் இருந்தது. அதே ஆண்டு நிலவுக்குச் சென்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டரோ கையால் சாவி கொடுக்கும் வகை. அதில் தேதி இல்லை. நேரத்தை அளக்கும் கருவி என்ற நிலையிலிருந்து, ஒவ்வொரு நாளும் அணியும் கடிகாரம் என்ற நிலைக்குக் குரோனோகிராஃப் நகர்ந்தபோது தேதியும் உடன் வந்து ஒட்டிக்கொண்டது. பயன் உண்டுதான், ஆனால் பழுது பார்ப்பவனாகக் கேட்டால், தேதியில்லாத ஸ்பீட்மாஸ்டரே எனக்குப் பிடிக்கும்.

தகடு வந்தது, ஜம்பரும் வந்தது. 20 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தபோது, முதல் முறை நான் சுத்தம் செய்து துடைத்துப் பூட்டிய அதே வில்லில், இடுக்கி கவ்விய தடம் ஒன்று பளபளவென்று தெரிந்தது. அழுக்கைத் தேடிய கண்ணுக்கு அன்று அது தென்படவில்லை. யாரோ அந்த வில்லை வேண்டுமென்றே வளைத்திருக்கிறார்கள், ஜம்பர் வளையத்தை இன்னும் அழுத்தமாகத் தள்ளும்படி. அதற்கு அவர் சொல்லக்கூடிய நியாயமும் எனக்குப் புரிந்தது. தேதி பாதியில் நிற்கிறது. உச்சியைத் தாண்டியபின் வளையத்தை இழுத்துச் சேர்க்க வேண்டியது ஜம்பர். ஆகவே ஜம்பரின் வில் வலுவிழந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். ஆனால் வில்லை வலுவாக்கினால் இறங்கும் பாதிக்கு மட்டுமா வலு கூடுகிறது? ஏறும் பாதியில் விரல் சந்திக்கும் எதிர்ப்பும் அதே அளவு கூடிவிடுகிறது. அவர் முட்களைக் கையால் சுற்றிப் பார்த்திருப்பார். 'டக்' என்று நன்றாக விழுந்திருக்கும். என்னைப் போலவே அவரும் மனநிறைவோடு மூடியிருப்பார்.

தேதி பாதியில் நின்றதற்கு முதல் காரணம் அப்படியானால் எது? முட்கள் 11.40இல் உறைந்த அந்த இரவில் தேதி 22. விற்றவரிடம் மறுபடி கேட்டபோது, பெரும்பாலும் மாதக் கடைசி வாரம் தொடங்கும் நேரத்தில்தான் சிக்கும் என்று அவரும் சொன்னார். இது முக்கியமான துப்பு. எல்லாத் தேதிகளிலும் சிக்கினால் விரலையோ ஜம்பரையோ சந்தேகிக்கலாம். அவை ஒவ்வோர் இரவும் வேலை செய்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை, அதே தேதியில் மட்டும் சிக்கினால், மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே வேலைக்கு வரும் உறுப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது வளையத்தின் ஒரு குறிப்பிட்ட பல்.

அவசரத்தில் 22, 23 என்ற எண்களுக்கு நேர் கீழே உள்ள பற்களை உற்றுப் பார்த்து ஏமாந்தேன். அவற்றில் ஒரு கீறல்கூட இல்லை. சாளரத்தில் 22 நிற்கும்போது விரல் தொடுவது 22இன் பல்லை அன்று. விரலும் ஜம்பரும் இருப்பது வளையத்தின் வேறு வேறு இடங்களில். வளையத்தையும் தகட்டையும் திரும்பப் பூட்டி, 22ஐச் சாளரத்துக்குரிய இடத்தில் நிறுத்தி, விரல் எந்தப் பல்லைத் தொடுகிறது, மூக்கு எந்தப் பல்லின்மீது ஏறுகிறது என்று பார்த்து, இரண்டையும் மைப்புள்ளியால் குறித்துக்கொண்டேன். மறுபடி கழற்றிப் பார்த்தபோது விரல் தொடும் பல்லின் பக்கவாட்டில் ஒரு சிறு பிசிறு இருந்தது. உலோகம் நசுங்கி, விளிம்பில் உதடுபோல் வெளியே தள்ளியிருந்தது.

அந்தப் பிசிறு எப்படி வந்தது என்பதை ஊகிப்பது கடினமில்லை. சாவித் திருகின் முதல் நிலையில் தேதியை மட்டும் விரைவாக மாற்றும் வசதி இந்தக் கடிகாரத்தில் உண்டு. 30 நாள் மாதங்கள் நான்கும் பிப்ரவரியும் முடியும்போது, ஆண்டுக்கு ஐந்து முறை அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். விரல் ஏற்கெனவே பல்லோடு கோத்திருக்கும் இரவு நேரத்தில் அதைச் செய்தால், ஒருபுறம் திருத்தும் சக்கரமும் மறுபுறம் விரலும் ஒரே வளையத்தைப் பற்றி இழுக்கும். பல இயந்திரங்களில் ஏறக்குறைய இரவு 8 மணி முதல் விடியற்காலை 3 மணி வரை இதைச் செய்யக் கூடாது என்பார்கள். துல்லியமான நேரம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். இப்போது மணி பகலா இரவா என்பது ஓடாமல் நின்ற கடிகாரத்தின் முட்களைப் பார்த்தால் தெரியாது. அதனால் தேதியைத் தொடுவதற்கு முன் முட்களை முன்னோக்கிச் சுற்றி 6 மணிக்குக் கொண்டுபோய்விடுவேன். காலை 6 ஆனாலும் மாலை 6 ஆனாலும் விரல் பல்லிலிருந்து விலகித்தான் இருக்கும்.

இப்போது கதை ஒழுங்காகக் கோத்து வந்தது. யாரோ ஒருவர் தவறான நேரத்தில் தேதியைத் திருப்பியதில் ஒரு பல்லில் பிசிறு வந்தது. பிசிறினால் 22ஆம் தேதி இரவில் வளையம் பாதியில் நின்றது. அதைப் பார்த்தவர் ஜம்பரின் வில்லை முறுக்கினார். முறுக்கிய வில்லின் பாரம் எல்லா இரவுகளுக்கும் பரவி, உராய்வுப் பிடி ஒவ்வொரு நள்ளிரவும் சிறிது சிறிதாக வழுக்கி 11 நிமிடங்களை விழுங்கியது. பிசிறும் வில்லும் சேர்ந்துகொண்ட 22ஆம் தேதி இரவில் முட்கள் முற்றிலும் உறைந்தன. கையில் அணிந்து உறங்கிய இரவுகளில் இழப்புக் குறைவாக இருந்ததும் நினைவுக்கு வந்தது. கை அசையும்போது ஏற்படும் சிறு அதிர்வுகள் மூக்கு உச்சியைத் தாண்ட உதவியிருக்க வேண்டும்.

வளைத்த வில்லை மறுபடி நிமிர்த்தலாமா என்று யோசித்தேன். இருமுறை வளைந்த மெல்லிய எஃகை நம்ப எனக்குத் துணிவில்லை. அதே இயந்திரத்துக்குரிய மாற்று ஜம்பரைத் தேடி வரவழைக்கச் சில வாரங்கள் ஆயின. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தபோது வளைவின் வேறுபாடு உருப்பெருக்கியே இல்லாமல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் தேதி வளையத்தை மாற்றவில்லை. புதிய வளையத்தின் வெண்மையும் எண்களின் வடிவமும் பழைய டயலோடு பொருந்தாது. வயதான முகத்தில் புதிய பல் கட்டியதுபோல் தனித்துத் தெரியும். எண்கள் அச்சிட்ட பக்கத்தை ஒட்டுநாடாவால் மூடி, மிக நுண்ணிய சாணைக்கல்லால் பிசிறை மட்டும், பல்லின் உருவம் மாறாதபடி, சில இழுப்புகளில் தேய்த்தெடுத்தேன். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் உருப்பெருக்கியில் பார்த்தேன். கூடுதலாக எடுத்துவிட்டால் அந்தப் பல் குட்டையாகி, வேறொரு குறையாக முடியும். பிறகு கழுவி உலர்த்தி, ஜம்பரின் மூக்குக்கும் விரலின் முனைக்கும் மட்டும் சிறிது கிரீஸ் வைத்தேன். வளையத்தின் அடிப்பக்கத்தை உலர்ந்தே விட்டேன். அங்கே எண்ணெய் பரவினால் வளையம் தகட்டோடு ஒட்டிக்கொண்டு இழுபடும்.

டயலைப் போடாமலேயே, பழைய மணி முள்ளையும் நிமிட முள்ளையும் மட்டும் தற்காலிகமாகப் பொருத்தி, இரவு 10 மணிக்குத் திருப்பி வைத்து, கடிகாரத்தைத் தன் வலிமையிலேயே ஓடவிட்டேன். உண்மையான நேரம் காலையோ மாலையோ என்பது இதற்குத் தேவையில்லை. 10இலிருந்து 1 மணி வரை 3 மணிநேரம் ஓடினால் ஒரு தேதி முடியும். முடிந்ததும் அடுத்த இரவின் 10 மணிக்குக் கையால் நகர்த்திவிடலாம். முதல் ஓட்டத்தில் இழப்பு 11 நிமிடத்திலிருந்து 2 நிமிடமாகக் குறைந்தது. மகிழ்ச்சிதான், ஆனால் 2 நிமிடமும் இழப்புத்தானே.

இதற்குப் பிறகுதான் பிடியைத் தொட்டேன். பல மாதங்கள் ஒவ்வோர் இரவும் வழுக்கிய இடம் தேய்ந்திருப்பதில் வியப்பில்லை. போதாததற்கு, அங்கே யாரோ மெல்லிய எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தார்கள். அதைத் துடைத்தெடுத்து உரிய கிரீஸை வைத்த பின்பும் கை திருப்பும்போது சற்று இலேசாகவே இருந்தது. கேனன் பினியனின் துளைக்குள் பொருத்தமான ஊசியைச் செருகி, அதன் இடுப்பில் மெல்ல அழுத்திக் குறுக்குவது பழைய முறை. உள்ளே ஊசி இல்லாமல் அழுத்தினால் குழாய் நசுங்கி வீணாகும். குரோனோகிராஃபில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் நடு விநாடி முள்ளின் அச்சு இதே நடுத்துளை வழியாக மேலே வருகிறது. என் முதல் அழுத்தம் அதிகமாகிவிட்டது. முட்களைப் பின்னோக்கித் திருப்பியபோது சிறு விநாடி முள் தயங்கி, ஒரு கணம் பின்னால் நகர்ந்தது. முட்களைத் திருப்பும் விசை பற்சக்கரத் தொடருக்கே போகிறது என்பதற்கு அது அடையாளம். பினியனைக் கழற்றி, அச்சில் சில முறை ஏற்றி இறக்கித் தளர்த்திய பிறகு, நேரத்தைத் திருத்தும்போது விரலுக்கு ஒரே சீரான எதிர்ப்பு தெரிந்தது. விநாடி முள்ளும் அசையவில்லை.

முட்களை நிலையாகப் பூட்டும்போது செய்யும் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். டயலைப் பொருத்திவிட்டு, மணி முள் இல்லாமலேயே சாவித் திருகை மெல்ல முன்னோக்கிச் சுற்றி, தேதி 'டக்' என்று விழும் அந்த நொடியில் நிறுத்தி, மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12இல் வைத்து அழுத்த வேண்டும். இதைக் கவனிக்காமல் வைத்தால் தேதி நண்பகலில் மாறும், அல்லது விடியற்காலை 2 மணிக்கு மாறும். பழுதடைந்த தேதி என்று கொண்டுவரப்படும் கடிகாரங்களில் சிலவற்றில் குறை இவ்வளவுதான். குரோனோகிராஃப் முட்களை இதற்கு நேர்மாறாக, இயந்திரம் பூச்சிய நிலையில் இருக்கும்போது வைக்க வேண்டும். வைத்த பின் ஓடவிட்டு, நிறுத்தி, பூச்சியத்துக்குத் திருப்பி, பத்துப் பதினைந்து முறையாவது பார்க்க வேண்டும். நடு விநாடி முள் நான்காம் முறையில் ஒரு கோடு தள்ளி நின்றது. குழாயைச் சற்று இறுக்கி மறுபடி பூட்டினேன்.

பிறகு 31 தேதிகளையும் முன்பு சொன்ன 3 மணிநேர முறையில், குரோனோகிராஃபும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஓட்டிப் பார்த்தேன். நாளுக்கு நான்கு அல்லது ஐந்து தேதிகள் முடிந்தன; ஒரு வாரத்துக்கும் மேல் ஆயிற்று. ஒவ்வொரு தேதி மாற்றத்தின்போதும் வீச்சு ஏறக்குறைய 20 பாகை குறைந்து, வளையம் விழுந்ததும் பழைய நிலைக்கு வந்தது. முன்பு குறையாமல் இருந்த வீச்சு இப்போது குறைவதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

உண்மையான 22ஆம் தேதி இரவுக்காக மட்டும் விழித்திருந்தேன். 11 மணிக்குக் குரோனோகிராஃபை ஓடவிட்டேன். 12 மணிக்கு நிமிடக் கணக்கியும் நிமிட முள்ளும் ஒரே கணக்கைச் சொல்லின. 22 இன்னும் சாளரத்தில் சற்றே மேலேறிய நிலையில் இருந்தது. 12.04க்கு 23 வந்து நின்றது. நள்ளிரவிலிருந்து அந்த 4 நிமிடம் தள்ளி மாறுவதையும் சரிசெய்யலாம்தான். ஆனால் அதற்கு ஆறு முட்களில் மூன்றையாவது மறுபடி கழற்ற வேண்டும். கழற்றப் போவதில்லை.